முந்நூறு ஆண்டுப் பழைய நடனத்தைத் தாளைப் பார்த்து ஆடுவது எப்படி?

“பாட்டுக்கு ஸ்வரம் எழுதி வைக்கிறோம். ஆட்டத்தையும் அப்படி எழுதி வைக்க முடியுமா?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். முடியும். பதினான்காம் லூயி காலத்துப் பிரான்சில் எழுதினார்கள். அந்தத் தாள்களைப் படித்து இன்றும் ஆடுகிறார்கள்.

லூயி மன்னர் தாமே மேடையேறி ஆடியவர். 1661இல் நடனத்துக்கென்றே ஓர் அரச கழகம் அமைத்தார். அவருடைய நடன ஆசிரியர் பியேர் போஷாம் உருவாக்கிய குறியீட்டு முறையை 1700இல் பாரிஸில் நூலாக வெளியிட்டவர் ரவுல் ஓஷே ஃபொய்யே. இது தம் கண்டுபிடிப்பு என்று போஷாம் முறையிட்டும் பெரிய பலனில்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட நடனங்கள் இம்முறையில் எழுதப்பட்டு நம் கைக்கு வந்திருக்கின்றன.

பக்கத்தின் உச்சியில் இசை இருக்கும். அதன் கீழே உள்ள வெற்றிடம்தான் நடனக்கூடம், கூரையிலிருந்து பார்ப்பதுபோல. தாளின் மேல்விளிம்பு மன்னர் அமரும் பக்கம். ஆடுபவர் போகும் பாதை ஒரு கோடு. இசையில் ஒவ்வோர் ஆவர்த்தனம் முடியும்போதும் பாதையை ஒரு சிறு கோடு குறுக்கே வெட்டும். இடமும் காலமும் ஒரே கோட்டில் வந்துவிடுகின்றன!

ஓர் அடியை மட்டும் உற்றுப் பார்ப்போம். இடது கால் அடிகள் பாதையின் இடப்பக்கம், வலது கால் அடிகள் வலப்பக்கம். கரும்புள்ளி, கால் புறப்படும் இடம். அதிலிருந்து நீளும் கோடு, கால் போகும் வழி. நுனியில் திரும்பும் சிறு கீற்று, பாதம். அந்தக் கோட்டின்மேல் சாய்ந்த கீற்று இருந்தால் முழங்காலை மடக்க வேண்டும். நேர்க்கீற்று என்றால் எழும்ப வேண்டும். இரண்டு நேர்க்கீற்றுகள் என்றால் குதிக்க வேண்டும். கீற்று தொடக்கத்தில் இருந்தால் அடி எடுக்கும் முன், நடுவில் இருந்தால் கால் போகும்போது, முடிவில் இருந்தால் போய்ச் சேர்ந்த பின். இத்தனை சிக்கனமான எழுத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆடுபவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பது தொடக்கத்தில்தான் காட்டப்படுகிறது. அதன்பின் கால்வட்டம், அரைவட்டம் என்று திரும்பும் அளவை மட்டும் குறிக்கிறார்கள். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் மீதி நடனம் முழுதும் திசை மாறிவிடும். இதற்கு ஃபொய்யே வழி சொல்கிறார்: நீங்கள் திரும்பலாம், புத்தகம் திரும்பக்கூடாது. வலப்பக்கம் கால்வட்டம் திரும்பப் போகிறீர்களா? முன்கூட்டியே இடது கையைப் புத்தகத்தின் தொலை விளிம்புக்கும் வலது கையை உடலை ஒட்டிய விளிம்புக்கும் கொண்டுபோங்கள். திரும்பி முடிக்கும்போது கைகள் இயல்பாக இருபுறமும் இருக்கும், தாளின் மேல்விளிம்போ இன்னும் மன்னரைப் பார்த்தே இருக்கும். படிப்பவரின் உடலையும் கணக்கில் எடுத்த எழுத்துமுறை இது. நினைத்து நினைத்து மகிழ்கிறேன்.

எல்லாமே தாளில் இல்லை. மினுவே நடனத்தின் அடிப்படைத் தொகுதியில் நான்கு அடிகள், இசையில் ஆறு துடிப்புகள். அவற்றைப் பங்கிடும் விதத்தைக் குறிகள் முழுதாகச் சொல்வதில்லை. கையசைவுகளும் பெரும்பாலும் விடுபட்டிருக்கும். அவற்றுக்கு 1725இல் வந்த நடன ஆசிரியர் பியேர் ராமோவின் நூல் போன்றவற்றைப் புரட்ட வேண்டும். கலை குருமுகமாக மட்டுமே வரும், ஏட்டால் ஆகாது என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. ஆடிக் காட்ட யாருமே மிஞ்சாத நிலையிலும் பிரான்சீன் லான்ஸ்லோ, வெண்டி ஹில்டன் போன்ற நடன ஆய்வாளர்கள் இருபதாம் நூற்றாண்டில் இந்த நடனங்களை ஏட்டிலிருந்துதான் மீட்டார்கள். பழைய ஏடுகளை நூலகங்கள் படமெடுத்து இலவசமாகத் தருவதற்குப் பொதுப்பணம் செலவழிப்பது வீண் என்பவர்களுக்கும் இதுவே என் பதில்.

கற்கத் தொடங்குபவர்கள் முதலில் கால் குறிகளை விட்டுவிடலாம். இசையை ஒலிக்கவிட்டு, பாதையை மட்டும் நடந்து பாருங்கள். ஆவர்த்தனம் முடியும்போது நீங்களும் அந்தக் குறுக்குக்கோட்டுக்கு வந்து சேர்ந்தால், அடுத்து மடக்கும் கீற்றுகளுக்குப் போகலாம்.