கன்று நிற்கிறதா என்று பாருங்கள்

மார்ச் மாதம் ஹூஸ்டனில் ரோடியோ என்ற குதிரை, மாட்டு வீரவிளையாட்டுப் போட்டிகள் நடக்கும் நாட்களில் எனக்கு இரண்டு விதமான போன் வரும். ஒன்று, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேடியத்துக்குப் போய்வந்த நம்மூர் நண்பர்களிடமிருந்து: "டாக்டர், ஓடுகிற கன்றைக் கயிறு போட்டு இழுத்துச் சாய்க்கிறார்களே, வலிக்காதா?" இன்னொன்று, சுற்றுவட்டாரத்தில் நாலைந்து கன்றுகளை வைத்து வீட்டிலேயே பயிற்சி எடுக்கும் குடும்பங்களிடமிருந்து: "டாக், ஒரு கன்று காலையிலிருந்து தீவனம் எடுக்கவில்லை. கழுத்து வீங்கியிருக்கிறது."

டெக்சாஸில் மாடும் குதிரையும் பார்க்கும் கால்நடை மருத்துவராகப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. கயிற்றால் காயம்பட்டு என்னிடம் வந்த கன்றுகளில் மிகப் பெரும்பாலானவை ரோடியோ மைதானத்திலிருந்து வந்தவை அல்ல, வீட்டுப் பின்புறப் பயிற்சிப் பட்டியிலிருந்து வந்தவை. இது என் ஒருவருடைய அனுபவம்தான். ஆனால் அதற்கான காரணம் இந்த விளையாட்டின் விதிகளிலேயே இருக்கிறது என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

காஃப் ரோப்பிங் என்று பழைய ஆட்கள் சொல்வதை இப்போது டை-டவுன் ரோப்பிங் என்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தில் நோய்ப்பட்ட கன்றைப் பிடித்து மருந்து கொடுக்கவும் சூடு போடவும் செய்த வேலைதான் போட்டியாக வளர்ந்தது. கன்று கூண்டிலிருந்து முதலில் ஓடும். குறிப்பிட்ட தூரம் அது ஓடிய பிறகுதான் குதிரைக்கு முன்னால் கட்டியிருக்கும் தடுப்புக் கயிறு விடுபடும். அதற்கு முன்பே குதிரை பாய்ந்து தடுப்பை அறுத்துவிட்டால் 10 வினாடி தண்டம். ஏழெட்டு வினாடியில் வெற்றி தீர்மானமாகும் போட்டியில் 10 வினாடி என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்புறம் குதிரை மேலிருந்து எறிந்த சுருக்கு கன்றின் கழுத்தில் விழுந்ததும் வீரர் குதித்து, கயிறை ஒட்டியே ஓடி, கன்றைக் கையால் பக்கவாட்டில் சாய்த்து, பல்லில் கடித்து வைத்திருக்கும் சிறு கயிறால் ஏதாவது மூன்று கால்களைக் கட்ட வேண்டும். இரண்டு சுற்று, ஒரு அரை முடிச்சு. அந்த முடிச்சுக்கு 'ஹூயி' என்று பெயர். இரண்டு கையையும் உயர்த்தினால் கடிகாரம் நிற்கும். பிறகு குதிரையேறி, கயிறைத் தளர்த்திவிட்டு, 6 வினாடி காத்திருக்க வேண்டும். அதற்குள் கன்று உதறி விடுபட்டால் அந்த ஓட்டம் கணக்கிலேயே வராது.

என் கண்ணில் முக்கியமான விதி வேறு. வீரர் போய்ச் சேரும்போது கன்று தரையில் விழுந்து கிடந்தால், அப்படியே கட்ட முடியாது. அதை எழுந்து நிற்கவிட வேண்டும், அல்லது தரையிலிருந்து தூக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மறுபடி சாய்த்துக் கட்டலாம். குதிரை கயிறை வெடுக்கென்று இழுத்து, கன்று நான்கு கால்களும் வானத்தைப் பார்க்க முதுகிலோ தலையிலோ விழுந்தால் அதற்கு 'ஜெர்க் டவுன்' என்று பெயர். அதற்கான தண்டனை சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும். சில இடங்களில் அபராதம், சில இடங்களில் அந்த ஓட்டமே செல்லாது.

இந்த விதிகளைக் கன்றின் மேல் இரக்கப்பட்டு வைத்தவை என்று மட்டும் நினைக்க வேண்டாம். கன்றைத் தலைகுப்புற விழவைத்த வீரர் அது எழும்வரை காத்திருந்தே ஒன்றிரண்டு வினாடிகளை இழக்கிறார். நின்றுகொண்டிருக்கும் கன்றின் முதுகுக்கு மேலே ஒரு கையைப் போட்டு, விலாவுக்குப் பின்னால் இருக்கும் மடிப்பைப் பிடித்து, அது துள்ளும் வேகத்தையே பயன்படுத்திச் சாய்ப்பதுதான் வேகமான வழி. டை-டவுனில் ஏழு உலகப் பட்டங்கள் வென்ற ஃப்ரெட் விட்ஃபீல்டின் பழைய வீடியோக்களைப் போட்டுப் பாருங்கள். அவர் ஓட்டங்களில் எனக்குப் பிடித்ததே அந்த நிதானம்தான். ஒரு அசைவிலிருந்து அடுத்த அசைவுக்கு வழுக்கிக்கொண்டு போவார்.

வியூகம் என்று சொன்னால் பாதி வேலை கூண்டு திறப்பதற்கு முன்பே முடிந்துவிடும். எந்தக் கன்று யாருக்கு என்பது குலுக்கலில் விழும். விழுந்த உடனே அந்தக் கன்று முந்தைய ஓட்டங்களில் என்ன செய்தது என்று விசாரிப்பார்கள். நேராக ஓடுமா, இடதுபுறம் ஒடிக்குமா, கட்டும்போது உதைக்குமா? கன்றின் உடம்பில் எந்த இடம் கூண்டைத் தாண்டும்போது குதிரையைப் பாயவிட வேண்டும் என்பது ஒவ்வொரு மைதானத்துக்கும் மாறும். டிசம்பரில் லாஸ் வேகஸில் நடக்கும் தேசிய இறுதிப் போட்டியில் பத்துச் சுற்றுகள். ஒவ்வொரு சுற்றுக்கும் தனிப் பரிசு, பத்தையும் கூட்டி மொத்த நேரத்துக்கும் பரிசு. உலகப் பட்டம் ஆண்டு முழுக்க வென்ற பணத்தைக் கூட்டித்தான் முடிவாகிறது. அதனால் இன்று துணிந்து முதலிடத்துக்குப் போவதா, பத்திரமாக ஒரு நேரத்தைப் பதிந்துவிட்டு மொத்தக் கணக்கைக் காப்பாற்றுவதா என்ற யோசனை ஒவ்வொரு இரவும் இருக்கும்.

ஆனால் கன்றின் கழுத்து பிழைப்பது பெரும்பாலும் குதிரையின் கையில்தான் இருக்கிறது. குதிரை கிட்டத்தட்ட 500 கிலோ. தொழில்முறை ரோடியோ சங்கமான பி.ஆர்.சி.ஏ. அனுமதிக்கும் கன்று 220 முதல் 280 பவுண்டு, அதாவது 100 முதல் 127 கிலோ. சேணக் கொம்பில் கட்டிய கயிறின் மறுமுனையில் அந்தக் கன்று முழு ஓட்டத்தில் ஓடுகிறது. நல்ல குதிரை கட்டளை கிடைத்ததும் பின்னங்காலை மடித்து அமர்ந்து நிற்கும். அப்புறம் வீரர் கட்டி முடிக்கும்வரை கயிறைத் தொய்யவிடாமல், கன்றை இழுக்கவும் செய்யாமல், அளவாகப் பின்வாங்கும். இதற்குப் பழக்க ஆண்டுகள் ஆகும். பழகாத குதிரை ஒன்று கன்றைத் தரையோடு இழுத்துக்கொண்டே போகும், அல்லது வெடுக்கென்று நின்று தூக்கியடிக்கும்.

இப்போது பயிற்சிப் பட்டிக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம், உயர்நிலைப் பள்ளி ரோடியோவில் போட்டியிடும் ஒரு பையனின் வீட்டுக்குப் போனேன். ஆறு கன்றுகள். தினமும் மாலை இரண்டு மணி நேரம் பயிற்சி. ஒரு கன்று நிழலில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது, வாய் திறந்து மூச்சு வாங்கியது. கழுத்தைத் தொட்டால் தோலுக்கடியில் பாலிதீன் உறையைக் கசக்குவதுபோல் நறநறவென்றது. மூச்சுக்குழல் கிழிந்து காற்று தோலுக்கடியில் ஏறியிருந்தது. அவனுடைய அப்பா உண்மையாகவே குழம்பிப்போய்ச் சொன்னார்: "ஒவ்வொன்றையும் எடை போட்டுத்தான் வாங்கினேன் டாக். எதுவும் 220 பவுண்டுக்குக் கீழே இல்லை. விதிப்புத்தகப்படிதான் எல்லாம் செய்கிறோம்."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த விதிப்புத்தகம், ஒரு நிகழ்ச்சியில் பெரும்பாலும் ஒரே ஒரு ஓட்டம் ஓடும் கன்றுக்காக எழுதப்பட்டது. அங்கே நடுவர் இருப்பார், பி.ஆர்.சி.ஏ. போட்டி என்றால் கால்நடை மருத்துவரும் மைதானத்தில் இருந்தாக வேண்டும். இங்கே அதே கன்று அன்று மாலை மட்டும் பதினைந்து தடவை கயிறில் நின்றிருந்தது, 38 டிகிரி வெயிலில், இன்னும் பழகாத குதிரைக்கு. யாரும் எண்ணவில்லை. அந்தக் கன்றைக் காப்பாற்ற முடியவில்லை. பையன் கடைசிவரை அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அந்தக் குடும்பத்திடம் அன்று சொன்னதையே இப்போதும் எல்லாரிடமும் சொல்கிறேன். சுருக்கு எறியக் கற்பதற்கு உயிருள்ள கன்று தேவையே இல்லை. பிளாஸ்டிக் கன்று பொம்மை போதும். சறுக்குப் பலகையில் அதைப் பொருத்தி வண்டியில் இழுத்தால் ஓடுகிற இலக்கும் கிடைக்கும். முடிச்சையும் பொம்மையின் காலிலேயே ஆயிரம் முறை போட்டுப் பழகலாம். ஓடும் கன்றின் மேல் எறிந்து பழகித்தான் ஆக வேண்டும் என்றால், இறுக்கம் வந்ததும் தானாகத் திறந்துகொள்ளும் 'பிரேக்அவே ஹோண்டா' என்ற சுருக்கு வளையத்தைக் கயிறில் மாட்டுங்கள். சுருக்கு விழுந்ததா என்பது தெரிந்துவிடும், கன்று கயிறில்லாமல் ஓடிப்போகும். முழு ஓட்டம் என்றால் எந்தக் கன்று இன்று எத்தனை முறை ஓடியது என்று சுவரில் கோடு போடுங்கள். என் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்லும் கணக்கு மூன்று, அதற்கு மேல் வேண்டாம். கோடையில் விடியற்காலையில் முடித்துவிடுங்கள். புதுக் குதிரையையும் புது வீரரையும் ஒரே கயிறில் சேர்க்காதீர்கள். அன்று நான் பார்த்த பட்டியில் அதுதான் நடந்திருந்தது.

சரி, நண்பர்களின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். வலிக்குமா? கயிறு இறுகும் நொடியில் கழுத்தில் விழும் விசை சின்னதல்ல. ஆஸ்திரேலியாவில் 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், கயிறு போட்ட பிறகு கன்றுகளின் ரத்தத்தில் கார்டிசால், அட்ரினலின் போன்ற அழுத்த ஹார்மோன்கள் ஏறியிருந்தன. விதிகளை ஒழுங்காகப் பின்பற்றினாலும் கன்று பயப்படுகிறது என்பதை நான் மறுக்கமாட்டேன். இதை அடியோடு வேண்டாம் என்பவர்களின் கவலையும் நியாயமானதே. அமெரிக்காவிலேயே ரோட் ஐலண்ட் மாநிலம், கயிறு சேணத்திலிருந்து விடுபடும் பிரேக்அவே முறையை மட்டுமே அனுமதிக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் கன்றுக்குக் கயிறு போடும் போட்டி கிடையாது.

எனக்கு நம்பிக்கை தருவது அந்த பிரேக்அவே போட்டிதான். கயிறு சேணக் கொம்பில் ஒரு மெல்லிய நைலான் நூலால் கட்டப்பட்டிருக்கும். சுருக்கு விழுந்து கயிறு இறுகியதும் நூல் அறுந்து கடிகாரம் நிற்கும். கன்று விழுவதில்லை, கட்டப்படுவதில்லை. தொழில்முறையில் இது பெரும்பாலும் பெண்களின் போட்டி. 2020-ல் டெக்சாஸின் ஆர்லிங்டனில் இதற்கு முதல் தேசிய இறுதிப் போட்டி நடந்தது. இரண்டு, மூன்று வினாடியில் முடியும் அந்த ஓட்டத்தில் கணிப்பும் குறியும் டை-டவுனுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. பிள்ளைகளை இந்த விளையாட்டில் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள் என்பேன்.

வீட்டில் கன்று வைத்திருப்பவர்களுக்கு இது: பயிற்சி முடிந்ததும் உடனே பட்டியைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து பாருங்கள். கன்று மற்றவற்றோடு சேர்ந்து நிற்கிறதா, தண்ணீர் குடிக்கிறதா, விழுங்கும்போது கழுத்தை நீட்டுகிறதா? விலா ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஓய்வில் மூச்சு நிமிடத்துக்கு 40-ஐத் தாண்டியே இருந்து, இறங்காவிட்டால், வாய் திறந்து மூச்சு வாங்கினால், ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் நின்றால், கழுத்துத் தோல் தொடும்போது நறநறத்தால், காலைவரை காத்திருக்க வேண்டாம். இரவு எத்தனை மணியானாலும் உங்கள் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.