கீமோ முடிந்து வீட்டுக்குப் போனபிறகு

புற்றுநோய்க்கு கீமோ மருந்து ஏற்றுகிற நாளை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். முந்தின ராத்திரி தூக்கம் கிடையாது, விடியற்காலையில் கோயில், அப்புறம் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்பது. (டாக்டர் சொல்லாதவரை வெறும் வயிறு தேவையில்லை. ரெண்டு இட்லி சாப்பிட்டுவிட்டே வாருங்கள்.) அன்றைக்குச் செவிலியர்களான நாங்கள் பக்கத்திலேயே இருக்கிறோம். வாந்திக்கு முன்கூட்டியே மருந்து போடுகிறோம், பிரஷர் பார்க்கிறோம், உடம்பு கொஞ்சம் தடித்தாலும் டிரிப்ஸை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுகிறோம். புற்றுநோய்ப் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியரைக் கேட்டால், எங்கள் கவலை அன்றைக்கு இல்லை, அடுத்த வாரம்தான் என்று சொல்வார். அப்போது நோயாளி வீட்டில் இருப்பார். பக்கத்தில் நாங்கள் இருக்க மாட்டோம், மருமகளோ மகனோ இருப்பார்கள்.

வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கீமோ மருந்து தாக்குகிறது. புற்றுநோய் செல் அப்படிப்பட்டது. முடியின் வேரும், வாய், குடலின் உள்தோலும், ரத்தம் ஊறுகிற எலும்பு மஜ்ஜையும்கூட அப்படித்தான். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) இறங்குகிறது. பெரும்பாலான மருந்துகளுக்கு, ஏற்றிய நாளிலிருந்து 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அந்த நாட்களில் உடம்பு பொங்கல் லீவில் காலியான சென்னை மாதிரி. பூட்டைத் திறக்கப் பெரிய திருடன் வர வேண்டியதில்லை. சாதாரணமாக நம் தோலிலும் குடலிலும் குடியிருக்கிற கிருமியே ரத்தத்துக்குள் இறங்கிவிடும். நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணு 500-க்குக் கீழே போய், கூடவே காய்ச்சலும் வந்தால் அது அவசர நிலை. மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஊசி ஏறிவிட வேண்டும் என்று வைத்துத்தான் நாங்கள் ஓடுகிறோம்.

ஆனால் வீட்டில் நடப்பது வேறு. லேசாக உடம்பு சுடும். 'உள் காய்ச்சல்தான்' என்று ஒரு பாராசிட்டமால். காய்ச்சல் இறங்கும், எல்லோரும் தூங்கப் போவார்கள். இறங்கியது சூடு மட்டும்தான், கிருமி தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். காலையில் தெருமுனை கிளினிக்கில் ஒரு இடுப்பு ஊசி. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவும் குறைந்திருக்கும் நேரத்தில் அந்த ஊசி குத்திய இடத்திலேயே ரத்தம் கட்டும். எங்களிடம் வந்து சேரும்போது ஒன்றரை நாள் போயிருக்கும், பிரஷர் இறங்கியிருக்கும்.

அதனால் டிஸ்சார்ஜ் நேரத்தில் வேறு எதைச் சொல்ல நேரம் இல்லாவிட்டாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்: கீமோ போட்டவருக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், ஒரே ஒரு தடவை காட்டினாலும் கிளம்பி வாருங்கள். ராத்திரி ரெண்டு மணி என்றாலும் சரி. மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்காதீர்கள். காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம் மட்டும் வந்தாலும் வர வேண்டும். கவுண்ட் ரொம்பக் குறைந்தவர்களுக்குக் காய்ச்சல் வராமலே நிலைமை மோசமாவது உண்டு. எமர்ஜென்சியில் உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியம் 'காய்ச்சல்' என்று இருக்கக் கூடாது, 'போன வாரம் கீமோ போட்டோம்' என்று இருக்க வேண்டும். வெறும் காய்ச்சல் என்றால் டோக்கன் கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள்.

சொன்னால் மட்டும் போதாது, கையில் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். டிஜிட்டல் தெர்மாமீட்டரில் என்ன குழப்பம் வரப்போகிறது என்று நினைக்கலாம். நிறைய வருகிறது. அமுக்கியதும் 'லோ' என்று ஆங்கிலத்தில் காட்டும்; காய்ச்சல் கம்மி என்று எடுத்து வைத்துவிடுவார்கள். அது இன்னும் அளக்கவே ஆரம்பிக்கவில்லை. சில கருவிகளில் பட்டனைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் செல்சியஸுக்கு மாறிவிடும். ஒரு தடவை போனில் ஒரு மகன் நிம்மதியாகச் சொன்னார்: "முப்பத்தெட்டரைதான் சிஸ்டர், நூறுகூட இல்லை." அது 101-க்கும் மேல். அவர் ஏமாந்ததில் ஆச்சரியமே இல்லை, நம் ஊரில் காய்ச்சல் என்றால் நூறு என்றுதானே சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்கிறோம்? இப்போது கிளம்பும் முன் கூட வந்தவரையே நோயாளிக்கு வைக்கச் சொல்லி, எண்ணைச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன். வாயில் புண் இருந்தால் அக்குளில் வையுங்கள். அங்கே கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும், அதனால் 100-ஐத் தொட்டாலே போன் போடுங்கள். வீட்டு மாதக் காலண்டரில் கீமோ தேதியிலிருந்து ஏழாம் நாள் முதல் பதினாலாம் நாள் வரை சிவப்புப் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். அந்த நாட்களில் கல்யாணம், காதுகுத்து, பஸ் கூட்டம் எதுவும் வேண்டாம். சளி பிடித்த சொந்தக்காரர் வாசலோடு நலம் விசாரித்துவிட்டுப் போகட்டும்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது என்பதில்தான் எங்களுக்குப் பெரிய சிக்கல். "அப்பாவுக்குத் தெரியாது சிஸ்டர். வயிற்றுப் புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கோம், நீங்க எதையும் வாய் விட்டுடாதீங்க." வார்டுக்கு வெளியே இதைக் கேட்காமல் எங்களுக்கு வாரம் முடிவதில்லை. பாசத்தில் சொல்வதுதான், குறை சொல்ல மனசு வராது. ஆனால் அந்த அப்பா நடந்து வந்த வாசலிலேயே 'புற்றுநோய்ப் பிரிவு' என்று தமிழில் பெரிதாக போர்டு இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் முடி கொட்டிய தலையோடு நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வயிற்றுப் புண்ணுக்கு யார் இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள்? பலருக்குத் தெரிந்துதான் இருக்கிறது. பிள்ளைகள் உடைந்துவிடுவார்களே என்று அவரும் தெரியாத மாதிரி இருக்கிறார். அவரைக் காப்பாற்றுவதாகப் பிள்ளைகள், பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக அவர்; நடுவில் ராத்திரி பயத்தைப் பேச ஆள் இல்லை.

என் ஆட்சேபணை மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. தனக்கு வெறும் அல்சர் என்று நிஜமாகவே நம்புகிறவர், ராத்திரி குளிர் எடுத்தால் யாரையும் எழுப்ப மாட்டார். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். நோயின் பெயரைச் சொல்வது டாக்டரின் பொறுப்பு, அதை நான் எடுத்துக்கொள்வதில்லை. குடும்பத்திடம் நான் கேட்பது ஒன்றுதான்: 'இந்த மருந்து உங்கள் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும், நடுங்கினால் உடனே எழுப்புங்கள்' என்பதையாவது அவரிடம் நேராகச் சொல்ல விடுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு ஆரம்பித்ததும் அந்த அப்பாவே, "இது கட்டிக்குத்தானே போடுறாங்க?" என்று கேட்பதும் நடக்கும். அப்போது மகன் முகத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் நாகரிகம்.

பேசாமல் பொறுத்துக்கொள்வது வார்டுக்குள்ளேயும் தொந்தரவுதான், அதிலும் வயதான பெண்கள். சில மருந்துகள், முக்கியமாக டாக்ஸோரூபிசின் என்கிற சிவப்பு மருந்து, நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள சதையையே அரித்துவிடும். ஊசி இருக்கும் இடத்தில் எரிச்சல், வீக்கம், இறுக்கம் எது தெரிந்தாலும் அந்த நொடியே கூப்பிட வேண்டும். 'சிஸ்டர் பாவம், ரெண்டு கையோட அலையுது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கும் அம்மாக்களை என்ன சொல்வது? எங்களைக் கூப்பிடுங்கள் அம்மா, அதற்குத்தான் நிற்கிறோம். மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் மட்டும் பயப்பட வேண்டாம், அது அந்த மருந்தின் நிறம்.

வாய்ப்புண்ணுக்கு விலை உயர்ந்த மவுத்வாஷ் தேவையில்லை. ஆல்கஹால் கலந்தது என்றால் எரிச்சல்தான் அதிகமாகும். ஆறிய ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்புங்கள். குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள். காரத்தைக் குறைத்து மோர் சாதம், குழைந்த பொங்கல், ஆறவைத்த கஞ்சி. முட்டை, பருப்பு, மீன் எல்லாம் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம், சாப்பிட வேண்டும். பத்தியம் என்று சொல்லி ரசம் சாதத்திலேயே மூன்று வாரம் ஓட்டி, எடை குறைந்து அடுத்த சைக்கிளை, அதாவது அடுத்த தவணை கீமோவை, தள்ளிப்போட நேர்வதுதான் நிஜக் கொடுமை. அப்புறம் அந்த கோதுமைப்புல் சாறும் முள்சீத்தா இலைக் கஷாயமும். வாட்ஸ்அப்பில் வருகிற எதுவும் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நிரூபணம் இல்லை. கவுண்ட் குறைந்திருக்கும் நாளில் சரியாகக் கழுவாத பச்சை இலையை அரைத்துக் குடிப்பது கிருமியை டம்ளரில் ஊற்றிக் கொடுப்பதுதான். சாப்பிட்டே தீருவேன் என்றால் டாக்டரிடம் பெயரையாவது சொல்லிவிடுங்கள், கல்லீரல் ரிப்போர்ட் மாறினால் காரணம் தெரிய வேண்டாமா?

ஒட்டுமா என்று ரகசியமாகக் கேட்பவர்களுக்கு: ஒட்டாது. தனித்தட்டு வேண்டாம், பேரப்பிள்ளை மடியில் உட்காரலாம். மருந்து ஏற்றிய முதல் 48 மணி நேரம் மட்டும் வாந்தி, சிறுநீர், மலம் இவற்றை அள்ளும்போது கையுறை போடுங்கள், டாய்லெட்டில் ரெண்டு தடவை தண்ணீர் ஊற்றுங்கள். அது நோய்க்காக இல்லை, உடம்பிலிருந்து மருந்து வெளியேறுகிறது என்பதற்காக. கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துக்கொள்கிறவர்கள் உடம்பில் போட்ட கோட்டை அழிக்கக் கூடாது. அந்த இடத்தில் மஞ்சள், பவுடர், தேங்காய் எண்ணெய் என்று எதையும் தாங்களாகத் தடவவும் கூடாது.

வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதினால் 'கடைசிக் கட்டம்' என்று வீட்டில் அழ ஆரம்பிக்கிறார்கள். எந்தக் கட்டமானாலும் கடும் வலிக்குக் கொடுப்பது, அவ்வளவுதான். சொன்ன நேரத்துக்கு ஒழுங்காகக் கொடுங்கள், கூடவே மலம் இளகும் மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

இனி கூட வருகிறவர்களுக்கு. நாள் முழுக்க அந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மகள், தங்கை, மருமகள் யாருக்கும் தனக்கு ஒரு பரிசோதனை செய்துகொள்ளத் தோன்றுவதில்லை. முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்த இழப்புதான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. நம்மிடம் அவ்வளவு பெரிதாக யாரும் கேட்கவில்லை. அம்மாவின் டிரிப்ஸ் முடிவதற்குள் கீழ் மாடிக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வந்தாலே போதும்.

இந்த விஷயத்தில் திண்டுக்கல்லை நாங்கள் கொஞ்சம் பெருமையாகவே சொல்வோம். அந்த மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம், சமையல் வினிகரில் இருக்கும் அதே பொருள்தான், தடவிப் பார்த்தார்கள். ஒரு நிமிடத்தில் வெள்ளையாக மாறும் இடம் சந்தேகத்துக்கு உரியது. பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். ஒரே ஒரு சுற்றுப் பரிசோதனைதான். அதற்கே, பரிசோதனை நடக்காத கிராமங்களைவிட நடந்த கிராமங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கால் பங்கும், அதனால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைவாக இருந்தது என்று 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஸ்கேன் இல்லை, பெரிய மெஷின் இல்லை. ஒரு டார்ச், பஞ்சு, வினிகர், பழகிய கண்.

அதே பரிசோதனை இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இலவசம். வலிக்காது, கத்தி படாது. ('கத்தி பட்டால் பரவிடும்' என்று சதைப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களிடம் ஒன்று சொல்வேன். பரவியது கத்தியால் இல்லை, தள்ளிப்போட்ட மாதங்களால்.) மார்பில் கட்டி தென்பட்டால் வலிக்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள், வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும். தீட்டு நின்று வருஷங்கள் ஆனபிறகு துளி ரத்தம் பட்டாலும், தாம்பத்தியத்துக்குப் பிறகு பட்டாலும் வாருங்கள்.

ஆண்களுக்கும் வேலை இருக்கிறது. வெளியே பெஞ்சில் காத்திருக்கும் அண்ணன்களில் பாதிப்பேர் கன்னத்தில் ஏதாவது அடக்கியிருப்பார்கள். 'புகையிலை இல்லை சிஸ்டர், வெறும் பாக்கு' என்பார்கள். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, உள்ளே ரெண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை, சிவப்புத் திட்டு இருந்தாலோ, அடுத்த டோக்கன் உங்களுக்குப் போட வேண்டும்.

வீட்டில் 9 முதல் 14 வயதில் பெண் குழந்தை இருந்தால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். இந்தியாவிலேயே தயாராகும் தடுப்பூசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. இந்த வயதுக்கு ரெண்டு டோஸ் வழக்கம், ஒரு டோஸும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊசி போட்டாலும் 30 வயதுக்குப் பிறகு பரிசோதனை உண்டு. பரிசோதனைக்கு மாதவிலக்கு நாளைத் தவிர்த்து வாருங்கள், உள்ளே மருந்து, கிரீம் எதுவும் வைக்காமல் வாருங்கள். சேலையோ நைட்டியோ வசதியானது. சுடிதார் போட்டு வந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டோம்.