பிளாட்டினத்தின் மேல் உட்கார்ந்திருப்பது யார்?

‘வினையில் ஈடுபடாமல் வினையை வேகப்படுத்துவது வினையூக்கி’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். பாதிதான் சரி. வினையூக்கி முழுதாக இறங்கி வேலை செய்கிறது. வேலை முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது, அவ்வளவுதான்.

பெட்ரோல் கார்களின் புகைக்குழாயில் உள்ள வினையூக்கிப் பெட்டியைப் பாருங்கள். தேன்கூடு போன்ற பீங்கான் துளைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை பொடிப்பொடித் துகள்களாக ஒட்டியிருக்கும். பிளாட்டினத்தில் வந்து அமரும் ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களாக உடைகிறது. பக்கத்தில் அமர்ந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு அதில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு கார்பன் டையாக்சைடாகப் பறந்துவிடுகிறது. இடம் காலி.

ஓர் அணு தடிமனுள்ள அடுக்கில் நடப்பது நமக்கு எப்படித் தெரியும்? அந்த மூலக்கூறே காட்டிக்கொடுத்துவிடும். கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு ஒரு ஸ்பிரிங் மாதிரி அதிர்கிறது. அந்த அதிர்வுக்குப் பொருந்தும் அகச்சிவப்பு ஒளியை மட்டும் விழுங்குகிறது. தனியாகத் திரியும் கார்பன் மோனாக்சைடு விழுங்குவது சென்டிமீட்டருக்கு 2143 அலைகள் கொண்ட ஒளியை. ஒரு பிளாட்டின அணுவின் தலைமேல் அமர்ந்தால் அது 2100-க்குப் பக்கமாக இறங்கும். இரண்டு அணுக்களுக்கு நடுவே பாலம் போட்டால் 1850 அளவுக்கு வந்துவிடும். காரணம், உலோகம் தன் எலக்ட்ரான்களில் கொஞ்சத்தை அந்தப் பிணைப்பைத் தளர்த்தும் இடத்தில் கொண்டுபோய்த் திணிக்கிறது. தளர்ந்த ஸ்பிரிங் மெதுவாகத்தானே ஆடும்? ஆக, ஒரு எண்ணைப் பார்த்தே மூலக்கூறு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். எனக்கு இது இன்றும் வியப்புதான்.

குளிர்ந்த இன்ஜின் ஏன் அதிகம் மாசு கக்குகிறது என்பதும் இப்படித்தான் விளங்கியது. சூடு போதாதபோது கார்பன் மோனாக்சைடே மேற்பரப்பு முழுக்க அடைத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் உடைவதற்கோ பக்கத்துப் பக்கத்தில் காலியிடங்கள் வேண்டும். சூடேறி, கூட்டம் கலைந்த பிறகுதான் வினை பிடிக்கும்.

மேற்பரப்பு வினைகளைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டிய கெர்ஹார்ட் எர்ட்டில் 2007-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய சோதனைகள் பெரும்பாலும் உயர் வெற்றிடத்தில், பளிங்குபோல் சீரான உலோகப் படிகங்களின்மேல் நடந்தவை. புகைக்குழாயில் அந்தச் சொகுசு கிடையாது. அதனால் இப்போது சூடான வினையூக்கியின் மேல் வாயுவை ஓடவிட்டபடியே, ஜன்னல் வைத்த சிறு கலத்துக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். வெளியே வருவதையும் கூடவே அளக்கிறார்கள்.

அதிலும் ஒரு சிக்கல். ஒளியில் பளிச்சென்று தெரியும் மூலக்கூறு வெறுமனே உட்கார்ந்திருக்கும் ஆளாகவும் இருக்கலாம். அதைப் பிடிக்க, ஓட்டத்தின் நடுவே சாதாரண கார்பனுக்குப் பதில் சற்றே கனமான கார்பன்-13 கொண்ட வாயுவை மாற்றிவிடுவார்கள். கனமான அணு மெதுவாக அதிரும், அலை எண்ணும் இறங்கும். விழுங்கப்பட்ட ஒளியை வரைபடமாக்கினால் ஒவ்வொரு அலை எண்ணிலும் ஓர் உச்சி தெரியும். எந்தப் பழைய உச்சி மறையும் வேகம், வெளியேறும் கார்பன் டையாக்சைடில் கார்பன்-13 ஏறும் வேகத்தோடு ஒத்துப்போகிறதோ, வேலை செய்வது அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அசையாமல் நிற்கும் உச்சி, இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருடையது.