நடக்காத மரணங்களை எண்ணுவது எப்படி?

"புவி சூடாவதற்கு 1.5 டிகிரி என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டைச் சமாளிக்க உலகம் எவ்வளவு தயாராகியிருக்கிறது என்பதற்கு அப்படி ஓர் எண் உண்டா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஓர் எண் இல்லை, 59 இருக்கின்றன. 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில்தான் தயார்நிலையை அளக்கும் இந்தக் குறியீடுகளை ஏற்றுக்கொண்டார்கள்.

முன்கதையைச் சட்டென்று முடித்துவிடலாம். 2015-இன் பாரிஸ் காலநிலை ஒப்பந்தம் தகவமைப்புக்கு, அதாவது மாறும் காலநிலையைச் சமாளிக்கத் தயாராவதற்கு, ஓர் உலக இலக்கு வைத்தது. ஆனால் எதைச் செய்தால் இலக்கை எட்டியதாகக் கணக்கு என்று சொல்லவில்லை. 2023-இல் துபாய் மாநாட்டில் தண்ணீர், உணவு, உடல்நலம் என்று ஏழு துறைகளைப் பிரித்தார்கள். எப்படி அளக்கலாம் என்று கேட்டதற்கு வந்து குவிந்த குறியீடுகள் 9,000-க்கும் மேல். நிபுணர்கள் அதை 100-ஆகக் குறைத்தார்கள். பெலெமில் பேரம் பேசி 59-இல் நின்றது.

ஏன் இத்தனை இழுபறி? ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு சென்னையில் வெளியேறினாலும் சிகாகோவில் வெளியேறினாலும் ஒரு டன்தான், கூட்டிவிடலாம். நெதர்லாந்தின் கடல் தடுப்பணையையும் எத்தியோப்பியாவின் வறட்சி தாங்கும் விதையையும் எந்த அலகில் கூட்டுவது? அதைவிடப் பெரிய சிக்கல், தகவமைப்பு பலித்தால் அங்கே ஒன்றுமே நடக்காது. வங்கதேசத்தில் 1970 போலா புயல் குறைந்தது 3 லட்சம் பேரைக் கொன்றது. 2007-இல் வந்த சிதர் புயலில் இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். நடுவில் புயல் பாதுகாப்புக் கட்டடங்களும் முன்னெச்சரிக்கையும் வீடு வீடாகப் போய்ச் சொல்லும் தொண்டர்களும் வந்திருந்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் இரண்டும் ஒரே புயல் அல்லவே! கரை கடந்த இடம், காற்றின் வேகம், கடல் ஏற்றத்தின் நேரம் எல்லாமே வேறு. குறைந்ததில் எவ்வளவு ஏற்பாட்டால், எவ்வளவு அதிர்ஷ்டத்தால்?

இந்தக் கேள்விக்கு வெப்ப அலையில் ஓர் அழகான வழி இருக்கிறது. 2003 ஆகஸ்டில் பிரான்சில் அடித்த வெயிலில் வழக்கத்தைவிடச் சுமார் 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். மறு ஆண்டே அரசு எச்சரிக்கைத் திட்டம் கொண்டுவந்தது. தனியாக வாழும் முதியவர்களின் பட்டியல் தயாரானது, முதியோர் இல்லங்களில் குளிர்ந்த அறை வந்தது. 2006 ஜூலையில் மறுபடி வெப்ப அலை. திட்டம் வேலை செய்ததா?

ஆய்வாளர்கள் 1975 முதல் 2003 வரையிலான கோடைகளை எடுத்தார்கள். ஒவ்வொரு நாளும் என்ன வெப்பம், எத்தனை மரணம் என்று பொருத்திப் பார்த்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். இதமான வெப்பநிலையில் மரணம் குறைவு; அதைத் தாண்டியதும் கோடு மெல்ல ஏறி, பிறகு செங்குத்தாகிறது. முந்தைய நாட்களின் சூடும் கணக்கில் சேரும், ஏனென்றால் இரவிலும் உடல் ஆறாவிட்டால் அடுத்த நாள் இதயம் தாங்காது. சரி, இப்போது 2006 ஜூலையின் வெப்பநிலையை மட்டும் இந்தப் பழைய கோட்டில் போடுங்கள். மக்கள் முன்பு இருந்தபடியே இருந்திருந்தால் கூடுதலாக 6,452 பேர் இறந்திருக்க வேண்டும் என்று வருகிறது. உண்மையில் கூடுதலாக இறந்தவர்கள் 2,065. மிச்சம் சுமார் 4,400. அத்தனை பேர் சாகவில்லை! அவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது. ஆனாலும் எண்ணிவிட்டோம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், மரணத்துக்கு என்ன காரணம் என்பதே இந்தக் கணக்குக்குத் தேவையில்லை. சான்றிதழில் யாரும் 'வெயில்' என்று எழுதுவது அபூர்வம். மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என்றுதான் இருக்கும். இருக்கட்டும். எந்த ஊர், எந்தத் தேதி என்பது சரியாக இருந்தால் போதும். 2010 வெப்ப அலைக்குப் பின் அகமதாபாத் கொண்டுவந்த வெப்பச் செயல் திட்டத்தையும் இதே பாணியில்தான் மதிப்பிட்டார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 1,190 மரணங்கள் தவிர்ந்தன என்று வந்தது.

இதற்கும் வரம்பு உண்டு. 4,400 பேரைக் காப்பாற்றியது அரசுத் திட்டமா, 2003-இன் பயமா என்று வளைகோடு பிரித்துச் சொல்லாது. ஆனால் ஒப்பிட எதுவுமே இல்லாமல் பேசுவதற்கு இது எவ்வளவோ மேல். கழுதைக்குக் கல்யாணம் செய்துவைத்த ஆண்டிலும் மழை பெய்யத்தான் செய்கிறது. செய்யாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்காதவரை எல்லாச் சடங்கும் பலித்ததுதான், எல்லா அரசுத் திட்டமும் வெற்றிதான்.

பெலெமின் 59-ஐ இந்தக் கண்ணோடு பார்க்கிறேன். அவற்றைப் பயன்படுத்துவது நாடுகளின் விருப்பம்; நாடுகளை ஒப்பிட அவை அல்ல என்றும் தீர்மானத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஏழை நாடுகளின் அச்சத்தில் நியாயம் உண்டு, நாளை இதையே உதவிக்கு நிபந்தனையாக்கினால் என்ன செய்வது? வளரும் நாடுகளுக்குத் தகவமைப்புக்காக 2035-இல் ஆண்டுக்கு 310 முதல் 365 பில்லியன் டாலர் வரை தேவைப்படும் என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை. 2023-இல் சர்வதேசப் பொது நிதியாக வந்ததோ 26 பில்லியன்தான். பணம் தராதவர்கள் மதிப்பெண் போடுவதை யார் ரசிப்பார்கள்?

ஆனால் வருகிற அந்தப் பணத்திலும் ஒரு சின்னப் பங்கு பிறப்பு இறப்புப் பதிவாளரின் மேசைக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. உலகின் பல நாடுகளில் மரணங்கள் முழுமையாகப் பதிவாவதில்லை. பதிவானாலும் நாள்வாரியான எண்ணிக்கை ஆய்வாளர் கைக்கு வர ஆண்டுகள் ஆகின்றன. பதிவேட்டைச் சரிசெய்வதற்கு ரிப்பன் வெட்ட யாரும் வரமாட்டார்கள், அதனால் நிதி கேட்பவர்களும் குறைவு. சரியான பதிவேடு இல்லாத ஊரில் 59 குறியீடு இருந்தென்ன, 9,000 இருந்தென்ன?