நுரையீரலுக்கு ஏது கொதிப்பு?

‘நுரையீரல் இரத்தக் கொதிப்பு’ என்று ஒரு சொல் வேலூர்ப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன மாதம் குடியாத்தத்தில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டது. டவுன் சின்ட்ரோமோடு (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் பிறவி நிலை) பிறந்த 20 நாள் குழந்தை. டிஸ்சார்ஜ் தாளோடு கொடுத்த தமிழ்க் குறிப்பில் இந்தச் சொல்தான். படித்ததும் பாட்டி, மகளின் பத்தியச் சாப்பாட்டில் உப்பை நிறுத்திவிட்டார், பால் வழியாகக் குழந்தைக்குக் கொதிப்பு ஏறிவிடுமாம். தாத்தாவோ, “கையில பிபி பார்த்தாங்க, நார்மல்தான், இன்னொரு எக்கோ எதுக்கு?” என்கிறார். எக்கோ என்பது ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை. இருவர் மேலும் தப்பில்லை. கொதிப்பு என்றால் நம் ஊரில் உப்பு, ஊறுகாய், கோபம், கைப்பட்டை பிபி. வேறென்ன நினைப்பார்கள்?

மூலச்சொல் ‘பல்மனரி ஹைப்பர்டென்ஷன்’, அதாவது நுரையீரலின் இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடியிருப்பது. லத்தீனில் புல்மோ நுரையீரல், டென்சியோ இழுவிசை. கிரேக்கத்தில் ஹைப்பர் மிகை. எங்கேயும் எதுவும் கொதிக்கவில்லை. இரத்தம் என்ற சொல்கூட அதில் இல்லை.

சங்கதி இதுதான். கருவில் குழந்தை மூச்சு விடுவதில்லை என்பதால் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்கியே இருக்கும், பெரும்பகுதி இரத்தம் வேறு வழியில் போய்விடும். பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் குழாய்கள் விரிந்து அழுத்தம் தணிய வேண்டும். சில குழந்தைகளுக்குத் தணியாது, உடம்புக்கு ஆக்சிஜன் குறையும். டவுன் சின்ட்ரோம் குழந்தைகளுக்கு இது மற்றவர்களைவிட அதிகம். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கும். அது ஓட்டையாக இருந்து, அதன் வழியாக அதிக இரத்தம் நுரையீரலுக்குப் பாய்ந்தால் குழாய்ச் சுவர் தடித்துப்போகும், அதுவும் இவர்களுக்குச் சீக்கிரமே. ஓட்டை இல்லாத குழந்தைக்கும் அழுத்தம் வரலாம். கையில் கட்டும் பட்டை இதைக் காட்டாது, எக்கோதான் காட்டும்.

ஆகவே நான் சொல்வது ‘நுரையீரல் தமனி மிகையழுத்தம்’. இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாய்தான் தமனி. தமனி வடசொல் ஆயிற்றே என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். ‘நுரையீரல் குருதி மிகையழுத்தம்’ என்பது அவர் கட்சி. குருதி நல்ல சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் அழுத்தம் எந்தக் குழாயில் என்பதை அது சொல்லவில்லையே! தமனி பள்ளிக்கூடப் பாடத்தில் எல்லோரும் படித்தது, அது வடக்கே பிறந்தால் எனக்கென்ன? தூய்மை பார்த்துப் பொருளைத் தொலைப்பது கொதிப்பைவிட ஒரு படி தேவலை, அவ்வளவுதான்.

அப்புறம், பிறந்த குழந்தைக்கு வருவதன் பெயரில் முன்னால் ‘பெர்சிஸ்டன்ட்’ நிற்கும். அதைத் ‘தொடர்’ என்று போடுகிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு ஓடுகிற தொடரா? தணிய வேண்டியது தணியவில்லை என்பதுதானே நோய்! ‘தணியாத’ என்று எழுத என்ன கஷ்டம்? வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் வைத்தியத்துக்கு வரும் வங்காளிகளுக்காக வங்காள மொழியில் போர்டு எழுதி வைக்கிறார்கள். இந்தத் தமிழ்க் குறிப்பை யாராவது வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்களா?

குடியாத்தத்துத் தாளில் அடித்துவிட்டு, ‘தணியாத நுரையீரல் தமனி மிகையழுத்தம்’ என்று பேனாவில் எழுதிக் கொடுத்தேன். “நீளமா இருக்கே” என்றார் தாத்தா. பாட்டி மட்டும் கேட்டார்: “தணிஞ்சுதான்னு எப்போ பார்ப்பாங்க?”