டூருக்கு எடுத்துப் போகும் சிலிண்டரில் எடை எங்கே குறையலாம்?

போன கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு தம்பி பட்டறைக்கு வந்தார். பழைய டெம்போ டிராவலரை வாங்கி, உள்ளே படுக்கையும் சின்ன சமையல் மேடையும் வைத்து, குடும்பத்தோடு ஊட்டி, மசினகுடி என்று ஒரு சுற்று போய்வரத் திட்டம். "அண்ணே, கேஸ் லைன் மட்டும் பார்த்துக் கொடுங்க. சிலிண்டர் லேசா ஒண்ணு வாங்கிட்டேன்" என்று ஒரு பச்சை நிறக் குட்டி சிலிண்டரைத் தூக்கி வைத்தார். தலையிலேயே பர்னரைத் திருகிக்கொள்ளும் வகை. ஒரு கையால் தூக்கலாம்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கம்பெனி பெயர் இல்லை, சோதனைத் தேதி இல்லை, காலி எடை எவ்வளவு என்றும் எங்கேயும் பொறிக்கப்படவில்லை. காலி எடை தெரியாத சிலிண்டரைத் தராசில் வைத்தாலும் உள்ளே எத்தனை கிலோ கேஸ் இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, நிரப்பிக் கொடுத்தவருக்கும் தெரியாது. இதுதான் என்னைப் பயமுறுத்தும் விஷயம். சிலிண்டருக்குள் கேஸ் அழுத்தத்தில் திரவமாகத்தான் இருக்கும். எந்த சிலிண்டரிலும் அந்தத் திரவத்தை முழுக்க நிரப்பக் கூடாது, மேலே கொஞ்சம் காலியிடம் விட்டாக வேண்டும். வெயிலில் பூட்டி நிற்கும் வண்டிக்குள் சூடு ஏற ஏற, உள்ளே இருக்கும் திரவம் விரியும். விரிய இடமில்லாவிட்டால் தகடு கிழியும். வீட்டு சிலிண்டரிலிருந்து குழாய் போட்டு இறக்கும் கடைகளில் அந்தக் காலியிடத்தை யார் அளக்கிறார்கள்? அப்படி நிரப்புவது சட்டப்படியும் குற்றம்.

இருபது வருடமாக கேஸ் இணைப்பு வேலைதான் பார்க்கிறேன். லேசான சிலிண்டர் கேட்பவர்கள் மேல் எனக்குக் குறையே கிடையாது. 14.2 கிலோ கேஸ் உள்ள வீட்டு சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது முப்பது கிலோவைத் தொடும். அதை வண்டியில் ஏற்றி இறக்கினால் இடுப்பு போய்விடும். ஆனால் எடையைக் குறைக்க நியாயமான வழி இரண்டுதான். கொண்டுபோகும் கேஸைக் குறைக்கலாம், அல்லது சிலிண்டர் செய்த பொருளை மாற்றலாம். தகட்டை மெலிதாக்கிக் குறைத்த எடையை நம்பிக் குழந்தைகளோடு பயணம் போக முடியாது.

முதலில் கேஸ் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். ஒரு பர்னர் முழுத் தீயில் எரிந்தால் மணிக்கு 150 முதல் 200 கிராம் வரை செலவாகும். காலையில் டீ, டிபன், ராத்திரிக்கு ஒரு சாப்பாடு என்று ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் அடுப்பு எரிந்தால் 400 கிராமுக்குள் முடிந்துவிடும். மூன்று நாளைக்கு ஒன்றேகால் கிலோ. ஆக, 5 கிலோ சிலிண்டரே தாராளம். இண்டேனில் 'சோட்டு' என்ற பெயரில் வரும் 5 கிலோ சிலிண்டரை ஏஜென்சியிலும் பல பெட்ரோல் பங்குகளிலும் அடையாள அட்டை காட்டி வாங்கலாம். வீட்டு இணைப்பு தேவையில்லை. காலியானால் முறையாக மாற்றியும் தருவார்கள்.

பொருளை மாற்றுவது என்றால் காம்போசிட் சிலிண்டர். உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை, அதைச் சுற்றிக் கண்ணாடி நாரிழை, வெளியே பிளாஸ்டிக் கூடு. 5 கிலோ, 10 கிலோ அளவுகளில் வருகிறது. அதே கொள்ளளவுள்ள இரும்பு சிலிண்டரின் எடையில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். துருப் பிடிக்காது. வெளிச்சத்தில் பார்த்தால் கேஸ் எவ்வளவு மிச்சம் என்று தெரியும், பயணத்தில் இது பெரிய நிம்மதி. டெபாசிட் கொஞ்சம் அதிகம், எல்லா ஏஜென்சியிலும் கிடைப்பதில்லை. அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே விசாரித்து, ரெகுலேட்டர் சரியாகப் பொருந்துகிறதா என்றும் கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.

காம்போசிட்டில் ஒரு சின்ன விஷயம் உண்டு. திரவம் ஆவியாக வெளியிலிருந்து சூடு வேண்டும். இரும்பு அந்தச் சூட்டை வேகமாக உள்ளே கடத்தும், நாரிழைக் கூடு மெதுவாகத்தான் கடத்தும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக் குளிரில் இரண்டு பர்னரையும் முழுசாகத் திறந்து வெகுநேரம் எரித்தால் தீ சோர்ந்து போகும். அப்போது ஒரு பர்னரை அணைத்துவிடுங்கள். சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றுவது, அடுப்புப் பக்கம் நகர்த்தி வைப்பது எல்லாம் கூடவே கூடாது.

இரும்போ காம்போசிட்டோ, வாங்கும்போது சோதனைக் கெடுவைப் பாருங்கள். A, B, C, D என்று ஓர் எழுத்தும் பக்கத்தில் வருடமும் இருக்கும். A என்றால் மார்ச் வரை, B ஜூன், C செப்டம்பர், D டிசம்பர். C 27 என்று இருந்தால் 2027 செப்டம்பரோடு கெடு முடிகிறது.

ஆன்லைனில் விற்கும் 220 கிராம் பியூட்டேன் டப்பா அடுப்பு ஒன்றிரண்டு பேருக்கு டீ போடப் போதும். பெரிய தோசைக்கல்லையும் பிரியாணி அண்டாவையும் அதில் ஏற்றாதீர்கள். அகலப் பாத்திரம் பக்கத்தில் இருக்கும் டப்பாவின் மேலும் நீண்டு, கீழே தள்ளும் சூட்டில் டப்பா வெடித்துவிடும். காலி டப்பாவை மறுபடி நிரப்பவும் கூடாது.

அடுத்து, வண்டிக்குள் எங்கே வைப்பது என்பது. கேஸ் காற்றைவிட கனம், கசிந்தால் தரையில் படிந்து தேங்கும். அதனால் அந்தத் தம்பியின் வண்டியில் படுக்கைப் பகுதியோடு தொடர்பில்லாத தனிப் பெட்டி அடித்து, அதன் அடித்தட்டிலேயே வெளிக்காற்றுக்கு ஓட்டை போட்டோம். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், பெல்ட் போட்டுக் கட்ட வேண்டும். வண்டி கிளம்பும் முன்பே ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வில் மூடியை மாட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறை மாட்டிய பிறகும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

ரயிலில் சிலிண்டர் வேண்டவே வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்தது. லக்னோவிலிருந்து கிளம்பிய யாத்திரைக் குழுவில் 9 பேர் இறந்துபோனார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. ஒரு டம்ளர் சூடான காப்பியை ஸ்டேஷனில் வாங்கிக் குடித்துக்கொள்ளலாம்.

குளிருக்காக அடுப்பையோ கேஸ் ஹீட்டரையோ எரியவிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குவதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பதறுகிறது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமனில், விடுதி அறையில் கேஸ் ஹீட்டரோடு தூங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் 8 பேர் எழுந்திருக்கவே இல்லை, அதில் 4 பேர் குழந்தைகள். கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும், ஏனென்றால் அதற்காகவே நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். போதிய காற்றில்லாமல் எரியும் தீயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. கூடாரமோ வேனோ, குளிருக்குக் கம்பளிதான். சமைக்கும்போது இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும்.

வழியில் கேஸ் நாற்றம் வந்தால் வண்டியை ஓரம்கட்டி, இன்ஜினை அணைத்து, எல்லோரையும் இறக்குங்கள். கதவுகளைத் திறந்தே வையுங்கள். விளக்கு, மின்விசிறி சுவிட்ச் எதையும் தொட வேண்டாம். நன்றாகத் தள்ளிப் போய் நின்ற பிறகுதான் போனை எடுக்க வேண்டும். கேஸ் கசிவுக்கான எண் 1906, ராத்திரியிலும் எடுப்பார்கள்.