இன்டர்ன்ஷிப்பும் அப்ரண்டிஸும்: தமிழில் என்ன சொல்வது?

பெரம்பூர், அயனாவரம் பக்கம் 'அப்ரண்டிஸ்' என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலை இருக்கும் ஊர். "பையன் ஆக்ட் அப்ரண்டிஸ் முடிச்சிட்டான்" என்று பெருமையாகவே சொல்வார்கள். அந்த 'ஆக்ட்' 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். அதே வீட்டில் அடுத்த பிள்ளை பி.இ. படித்துக்கொண்டே இன்டர்ன்ஷிப் போகிறேன் என்றால், அதையும் அப்ரண்டிஸ் கணக்கில்தான் சேர்ப்பார்கள். இரண்டும் வேறு வேறு.

இன்டர்ன் என்பதன் வேர் 'இன்டெர்னஸ்' என்ற லத்தீன் சொல். 'உள்ளே உள்ள' என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அமெரிக்காவில் மருத்துவமனைக்குள்ளேயே தங்கித் தொழில் கற்ற இளம் மருத்துவரைக் குறித்தது. அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் அப்புறம்தான் பரவியது. பிரிட்டிஷ் வழக்கில் அதே ஆளுக்குப் பெயர் 'ஹவுஸ் சர்ஜன்'. ஸ்டான்லி ஆஸ்பத்திரி வார்டுகளில் இன்றும் புழங்கும் இந்தப் பெயரில் வரும் 'ஹவுஸ்' என்பதும் உள்ளே தங்குவதைத்தான் சொல்கிறது.

பொறியியல் மாணவர் எங்கே உள்ளே தங்குகிறார்? காலையில் தண்டையார்பேட்டையில் பஸ் ஏறி, மணலியில் இறங்கி, கேட்டில் பாஸைக் காட்டிவிட்டு ஹெல்மெட் வாங்கப் போகிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுகிறார். அதனால் 'உள்ளகப் பயிற்சி' என்ற மொழிபெயர்ப்பு வேருக்கு உண்மையாக இருந்தாலும் நடப்புக்கு ஒட்டவில்லை. 'உள்ளிருப்புப் பயிற்சி' இன்னும் மோசம். எண்ணூர்ப் பக்கத் தொழிலாளியிடம் 'உள்ளிருப்பு' என்று சொல்லிப் பாருங்கள், எந்தக் கம்பெனியில் போராட்டம் என்று கேட்பார்! என் தேர்வு 'பணியிடப் பயிற்சி'. இதைப் 'பணியிடைப் பயிற்சி' என்று எழுதிவிடக் கூடாது. அது ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு நடுவில் கொடுக்கும் பயிற்சி.

மாணவர்கள் பேச்சில் இன்னும் இரண்டு உண்டு. ஐ.வி. என்கிற இண்டஸ்ட்ரியல் விசிட், ஒருநாள் ஆலையைச் சுற்றிப் பார்ப்பது. பாதி படிப்பு, பாதி டூர். ஐ.பி.டி. என்கிற இன்பிளாண்ட் ட்ரெயினிங், ஒன்றிரண்டு வாரம் ஆலையில் இருந்து கவனிப்பது. 'ஆலைப் பயிற்சி' என்றாலே போதும்.

இனி அப்ரண்டிஸ். 'கைப்பற்று, பிடி' என்ற பொருளுள்ள லத்தீன் வினை, பிரெஞ்சில் 'கற்றுக்கொள்' என்றாகி, அதிலிருந்து பிறந்தது இது. தமிழில் இதற்குச் சொல் தேடவே வேண்டாம். வியாசர்பாடிப் பட்டறையில் "லேத் பழகுறான்", "வெல்டிங் பழகுறான்" என்றுதான் பேச்சு. புத்தகத்தில் படிப்பதைக் கற்பது என்பார்கள், கை செய்து செய்து படிவதைப் பழகுவது என்பார்கள். 'தொழில் பழகுநர்' என்ற அரசுச் சொல் அதிலிருந்தே வந்தது. அரசுச் சொல்லாக்கத்தில் இவ்வளவு பொருத்தமானவை குறைவு.

முதலில் ஐ.டி.ஐ. தொழிற்பிரிவுகளுக்கென்றே இருந்த சட்டத்துக்குள் 1973 திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ முடித்தவர்களையும் கொண்டுவந்தது. அதன்படி வருபவர்தான் கிராஜுவேட் அப்ரண்டிஸ், அதாவது பட்டதாரிப் பழகுநர். வழக்கமாக ஓராண்டுப் பயிற்சி. தென் மாநிலங்களுக்கு இதைக் கவனிக்கும் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் தரமணியில் இருக்கிறது. 2019 விதித் திருத்தம் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தது. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும், முடிவில் சான்றிதழும் உண்டு. ஆனால் சட்டப்படி பழகுநர் தொழிலாளி அல்ல. முடித்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் பொதுவாக நிறுவனத்துக்கு இல்லை.

இன்டர்ன்ஷிப்புக்கு இப்படித் தொகையை நிர்ணயிக்கும் சட்டம் எதுவும் கிடையாது. காசு தருகிற கம்பெனி உண்டு, தராத கம்பெனி உண்டு, மாணவரிடமே காசு வாங்கிக்கொண்டு சர்டிபிகேட் அச்சடித்துக் கொடுக்கிற இடமும் உண்டு. இந்தக் கடைசி வகைக்குத் தமிழ்ப் பெயர் வைக்கும் அளவுக்கு எனக்கு மனசு வரவில்லை. கையில் கிடைத்த கடிதத்தில் 'ட்ரெய்னி' என்று பொத்தாம் பொதுவாகப் போட்டிருந்தால், சட்டப்படி பதிவு செய்த பழகுநர் ஒப்பந்தமா என்று ஹெச்.ஆரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

எழுதும்போது ஒன்று: 'பழகுனர்' தவறு. ஓட்டுநர், இயக்குநர், பெறுநர் போலப் 'பழகுநர்' என்று 'ந' போட்டுத்தான் எழுத வேண்டும்.